தலைவிதியல்ல, தண்டவாளம்!

ஓர் ஊர் தழைத்தால் ஆண்டவன் அருள் என்கின்றனர்; அதே ஊர் தளர்ந்தால் காலத்தின் கோலம் என்கின்றனர். கடைவீதி வெறிச்சோடினால் கிரகத்தைப் பார்க்கின்றனர், கணக்கேட்டைப் பார்ப்பதில்லை. ஊர்களின் வாழ்வையும் தாழ்வையும் வானத்து மீன்கள் வகுக்கின்றனவா, மண்ணில் வாழும் மனிதர்கள் வகுக்கின்றனரா? விடை காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. தேனி மாவட்டத்தின் மேற்கே, மலையடிவாரத்தில் நிற்கும் போடிநாயக்கனூரின் ஒரு நூற்றாண்டு வரலாற்றைப் புரட்டினாலே போதும்.

1887 முதல் 1895 வரை பெரியாறு அணை கட்டப்பட்ட காலத்தில், கம்பம் பள்ளத்தாக்குக்கு இருப்புப்பாதை கிடையாது. இயந்திரங்களும் இரும்பும் அம்மையநாயக்கனூர் நிலையத்தில் இறங்கின. அங்கிருந்து மாட்டுவண்டிகள் அவற்றை இழுத்து வந்தன. கல்லும் சுண்ணாம்பும் சுமந்தோர் பலர் காய்ச்சலுக்கும் கொள்ளைநோய்க்கும் இரையாயினர். அவர்தம் உழைப்பால், மேற்கே ஓடிய ஆற்றின் நீர் கிழக்கே திரும்பியது. பள்ளத்தாக்கு பசுமை பெற்றது. எந்த வேள்வியும் திருப்பாத நீரை மனித அறிவும் மனித முதுகும் திருப்பின. இது இவ்வட்டாரம் தரும் முதற்பாடம்.

இரண்டாம் பாடம், தேயிலை. மூணாற்று மலைகளில் விளைந்த தேயிலை கப்பலேற வேண்டும். கிழக்கே இறங்கும் பாதையே அன்று கைக்கெட்டிய பாதை. 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடிற்று. 1908-இல் அதன் இடத்தில் சிறு நீராவி இரயில் வந்தது. அந்த இரயில் வந்து நின்ற மலைமுகடுதான் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி தேயிலைப் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கின. கொட்டகுடியில் வண்டியேறிப் போடியை அடைந்தன. மலை விளைவித்தது, போடி சுமந்தது. சுமந்ததால் வண்டிக்காரருக்கு வேலை, சுமைகூலிக்கு வேலை, கடைக்காரருக்கு வாணிபம், ஊருக்கு வளர்ச்சி!

1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் மலைமேல் ஓடிய அச்சிறு இரயிலை அழித்தது. வெள்ளம் இயற்கையின் செயல். ஆனால் அழிந்த பாதையை மீண்டும் போடாமல் விட்டது மனிதரின் முடிவு. இரண்டையும் பிரித்தறிவதே பகுத்தறிவின் முதல் வேலை.

1928-இல் மதுரையிலிருந்து போடி வரை, ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நீளத்துக்கு மீட்டர்பாதை இரயில் வந்தது. ஊர் மகிழ்ந்தது. ஆனால் அதே 1928-இல், மலைக்கு அப்பால், கொச்சியின் உட்துறைமுகத்துக்குள் கடற்கப்பல் நுழைய வழி பிறந்தது. 1931-இல் மூணாற்றையும் ஆலுவாவையும் இணைக்கும் சாலை திறக்கப்பட்டது. தேயிலை மேற்கே திரும்பிற்று. 1947-இல் கொச்சியிலேயே தேயிலை ஏலம் தொடங்கிற்று. போடியை எந்தச் சனியும் பிடிக்கவில்லை. சாலையொன்றும் துறைமுகமொன்றும் அதன் சரக்கைப் பிடித்துக்கொண்டன.

அடுத்து வந்தது அதனினும் பெரிய அடி. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல், இந்த இருப்புப்பாதையையே பெயர்த்தெடுத்தனர்! போருக்கு இரும்பு வேண்டும். ஊருக்கு என்ன வேண்டும் என்று ஏகாதிபத்தியம் கேட்கவில்லை. விடுதலைக்குப் பின், 1950-களின் முற்பகுதியில், பாதை மீண்டும் போடப்பட்டது. எடுத்ததும் ஆணை, கொடுத்ததும் ஆணை. இதில் விதிக்கு எங்கே இடம்?

தேயிலை போனபின் ஊரைத் தாங்கியது ஏலக்காய். அதற்கும் சோதனை வந்தது. 1956-இல் மாநிலங்கள் மொழிவழி அமைந்தபோது, தமிழர் பெரும்பான்மையாக வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தோடு சேர்க்கப்பட்டன. சந்தை ஒரு மாநிலத்தில், தோட்டம் மற்றொரு மாநிலத்தில் என்றாயிற்று. பின்னர் நடு அமெரிக்காவின் குவாத்தமாலா, உலக ஏலக்காய் வாணிபத்தில் இந்தியாவை முந்தியது. எங்கோ இருக்கும் ஒரு நாட்டின் விளைச்சல், போடிக் கடைவீதியின் விலையை அசைத்தது. இவ்வளவையும் தாங்கிக்கொண்டு இன்றும் போடியில் ஏலக்காய் ஏலம் நடைபெறுகிறது; காயைத் தரம் பிரிக்கும் பெண்களின் விரல்கள் ஓயவில்லை.

2010-ஆம் ஆண்டு முடிவில் அகலப்பாதைப் பணிக்காக இரயில் மறுபடியும் நிறுத்தப்பட்டது. ஓராண்டு, ஈராண்டு அல்ல, பன்னிரண்டு ஆண்டுகள்! 2022 மே திங்களில்தான் தேனிக்கு இரயில் வந்தது. 2023 சூன் திங்களில் போடிக்கு வந்தது. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பள்ளிப் படிப்பை முடிக்கும் காலம் அது. ஒரு தலைமுறையே தன் ஊர் நிலையத்தில் இரயிலைக் காணாமல் வளர்ந்தது. பாதையைத் தாமதப்படுத்தியது பஞ்சாங்கமா? நிதி ஒதுக்கீடும் அதை ஒதுக்குவோரின் அக்கறையுமே ஆகும்.

சரி, இரயில் வந்துவிட்டது, ஊர் மீண்டுவிட்டதா? இங்கேதான் உலகைப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் டெட்ராய்ட், உலகுக்கே கார் செய்து கொடுத்த நகரம். 1950-இல் அங்கே 18 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். 2010-இல் ஏறத்தாழ 7 லட்சம் பேரே எஞ்சினர். தொழிற்சாலைகள் வெளியேறின, வெள்ளையர் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தனர், வேலையற்ற நகரில் கறுப்பர் தேங்கினர். நிறவெறி அங்கே நகரைப் பிளந்தது. சாதிவெறி இங்கே தெருவைப் பிளப்பதுபோல. 2013-இல் நகராட்சியே திவாலாயிற்று. 1988-இல் மூடப்பட்ட அந்நகரின் பெரிய இரயில் நிலையத்தை ஃபோர்டு நிறுவனம் 2018-இல் வாங்கிப் புதுப்பித்து, 2024-இல் திறந்தது. கட்டடம் பொலிவுற்றது. ஆனால் வேலை இழந்தவரின் வீடு?

பம்பாயைப் பாருங்கள். 1982 சனவரியில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். பல ஆலைகள் அதன்பின் எழவே இல்லை. ஆலை நிலங்களில் அடுக்குமாடிகள் எழுந்தன. நூல் நூற்ற ஃபீனிக்ஸ் ஆலை இன்று செல்வர் பொருள் வாங்கும் அங்காடி. நிலம் மீண்டது, நிலத்தில் உழைத்தவர் மீளவில்லை. மீட்சி என்ற சொல்லுக்குள் இப்படியும் ஒரு சூது ஒளிந்திருக்கிறது!

இந்தக் கண்கொண்டு நம் பள்ளத்தாக்கைப் பாருங்கள், தோழர்களே! விடியுமுன் எழுந்து, சோற்றுப்பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, ஜீப்புகளில் நெருக்கியடித்து அமர்ந்து, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளிச் சாலைகளில் மலையேறும் பெண்கள் யார்? ஏலத்தோட்டக் கூலிகள். அவர்கள் பறித்த காய்தான் ஏலமன்றத்தில் விலை போகிறது. வளைவுகளில் வண்டி கவிழ்ந்தால் அவர்களுக்கு நேர்ந்ததை மட்டும் ‘தலையெழுத்து’ என்று சொல்லி அனுப்பிவிடுகின்றனர். பன்னிரண்டு பேர் அமரவேண்டிய வண்டியில் இருபது பேரை ஏற்றுவது எந்தப் பிரமன் எழுதிய எழுத்து? கூலியும் வண்டிச்சத்தமும் போட்டுப் பார்த்து ஒரு முதலாளி எழுதிய எழுத்து அது!

சென்னைக்கு இரயில் போவது நன்று. மலைக்குப் பேருந்து வரவேண்டும், உழைப்பவள் உட்கார்ந்து போகும் பேருந்து. ஏலக்காயின் விலை நாள்தோறும் அறிவிக்கப்படுகிறது. அதைப் பறித்தவளின் கூலியும் அதைப் போலவே எல்லோரும் அறிய எழுதப்பட வேண்டும். இவை நிறைவேறும் நாளே போடி மீண்ட நாள்.

பள்ளியில் நாங்கள் பிள்ளைகளுக்கு மன்னர்கள் முடிசூடிய ஆண்டுகளைச் சொல்லித் தருகிறோம். அவர்களும் மனப்பாடம் செய்கின்றனர். 1928, 1942, 1956, 2010, 2023 என்னும் ஆண்டுகளையும் சொல்லித் தருவோம். இருப்புப்பாதையை யார் போட்டார், யார் எடுத்தார், யாரைக் கேட்டு எடுத்தார் என்று கேட்கப் பழக்குவோம். ஓர் ஊரைப் பற்றிய முடிவு எங்கோ எடுக்கப்படும்போது, “எங்களைக் கேட்டீர்களா?” என்று எழுந்து நிற்கும் இளைஞன் வேண்டும்; அவனுக்கு முன்னால் எழுந்து நிற்கும் இளம்பெண் வேண்டும். மனிதர் பெயர்த்த தண்டவாளத்தை மனிதரே மீண்டும் போட்டனர். மனிதர் எழுதிய தலையெழுத்தையும் மனிதரே அழித்து எழுதலாம். எழுதுவோம்!