ஒரு சாண் களிமண்

நம்ம ராயபுரம் முதல் எண்ணூர் வரை எத்தனையோ தலைவர் சிலைகளைப் பார்த்து வளர்ந்தோம். சிலை என்றாலே நமக்கு மாலை, மரியாதைதான். ஆனால் சிலை செய்தே பெரிய மனிதர்களைக் கிண்டல் பண்ணினார் ஒரு பிரெஞ்சுக்காரர். பெயர் ஓனோரே தோமியே.

1808ல் மார்செய் துறைமுக நகரில் பிறந்தவர். அப்பா ஜன்னலுக்குக் கண்ணாடி போடும் தொழிலாளி. பையனுக்குச் சின்ன வயசிலேயே பாரிஸில் கோர்ட் அமீனாவிடம் எடுபிடி வேலை, பிறகு புத்தகக் கடை. அப்புறம்தான் கல்லச்சில் படம் போடக் கற்றார். 1831ல் மன்னர் லூயி பிலிப்பை, ஜனங்களின் பணத்தை விழுங்கும் பூதமாக வரைந்தார். ஆறு மாத ஜெயில் தண்டனை!

1832ல் பத்திரிகை அதிபர் ஃபிலிப்போன் தூண்டுதலில், பார்லிமெண்ட் பிரமுகர்களின் தலைகளைக் களிமண்ணில் பிடிக்க ஆரம்பித்தார். ஒரு சாண் உயரம்தான். கோணல் மூக்கு, தொங்கும் தாடை, மேலே வர்ணம். அவற்றை மாதிரியாக வைத்துத்தான் கேலிப்படங்கள் போட்டார். 1835ல் முன்தணிக்கைச் சட்டம் வந்து அரசியல் கேலிப்படத்தின் வாயை அடைத்தது.

நம்ம ஊரிலும் 1987ல் அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டசபை மூன்று மாதச் சிறை விதித்ததே!

தோமியே பிடித்தது சூளையில் சுடாத பச்சை மண். ஆனாலும் 36 தலைகள் தப்பிப் பிழைத்து, இன்று பாரிஸ் ஓர்சே மியூசியத்தில் இருக்கின்றன. அந்தப் பிரமுகர்களில் பலரை நாம் அறிவதே இந்த மண்ணால்தான்.