பூஜ்யம் செய்த மாயம்

5-ஐப் பூஜ்யத்தால் பெருக்கினால் பூஜ்யம். 7-ஐப் பெருக்கினாலும் பூஜ்யமே. ஆகவே இரண்டும் சமம். இருபுறமும் பூஜ்யத்தை அடித்துவிட்டால் 5-ம் 7-ம் ஒன்றாகின்றன! பிழை எங்கே?

நம் நாட்டுக் கணித மேதைகளையே மயக்கிய புதிர் இது. கி.பி. 628-இல் பூஜ்யத்திற்கு விதிகள் வகுத்த பிரம்மகுப்தர், பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் பூஜ்யமே என்றார். 9-ஆம் நூற்றாண்டில் 'கணித சார சங்கிரகம்' இயற்றிய மகாவீரர், எவ்வெண்ணையும் பூஜ்யத்தால் வகுத்தால் அவ்வெண் மாறாது என்றார். அந்நூலை ரங்காசாரியார் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பிக்க, சென்னை அரசாங்கம் 1912-இல் வெளியிட்டது. 12-ஆம் நூற்றாண்டில் பாஸ்கரர், அவ்விடை எல்லையற்றது என்றார்.

சோதித்துப் பார்ப்போம். 20-ஐ 5-ஆல் வகுத்தால் 4. அதனை 5-ஆல் பெருக்கினால் 20 மீள்கிறது. 5-ஐப் பூஜ்யத்தால் வகுத்து எவ்வெண்ணை விடையாகக் கொண்டாலும், அதனைப் பூஜ்யத்தால் பெருக்கினால் 5 மீளாது. பூஜ்யத்தையே பூஜ்யத்தால் வகுத்தாலோ, எல்லா எண்ணும் விடையாகப் பொருந்தும்! ஆதலின் இன்றைய எண்கணிதம் பூஜ்யத்தால் வகுத்தலையே விலக்கியது. இருபுறமும் பூஜ்யத்தை அடித்ததும் அவ்வாறு வகுத்ததேயாம்; பிழை அங்கேதான்.

இதனால் அம்மேதைகளின் பெருமை குன்றாது. வழியற்ற காட்டில் முதலடி வைத்தவர்கள் அவர்கள். ஆயினும் பெரியோர் வாக்கையும் பெருக்கிச் சரிபார்த்தே ஏற்றல் வேண்டும். நம் சிறுவர்க்கு நாம் கற்பிக்க வேண்டுவதும் இதுவே.