தென்சென்னை நடுத்தர வர்க்கமும் அரசு அதிகாரமும்

சென்னையின் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் படித்த நடுத்தர வர்க்கம் ஒன்று 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து உருவாகி வளர்ந்தது. வழக்கறிஞர்கள், நீதிபதிகள், அரசு அலுவலர்கள், ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள் ஆகியோரைக் கொண்ட இவ்வர்க்கத்தின் வலிமை நிலவுடைமையிலோ எண்ணிக்கையிலோ இல்லை. கல்வி, தேர்வு, மனு, வழக்கு ஆகியவையே அதன் கருவிகள். அரசு வேலையால் வாழ்ந்த இவர்களே அரசை விமர்சிப்பதிலும் முன்னின்றார்கள். அந்த வேலைகள் யாருக்கு உரியவை என்ற கேள்வி சென்னை மாகாண அரசியலின் போக்கையே மாற்றியது.

உயர் நீதிமன்றமும் மயிலாப்பூரும்

1857-இல் சென்னைப் பல்கலைக்கழகமும் 1862-இல் உயர் நீதிமன்றமும் தொடங்கப்பட்டன. ஒன்று பட்டதாரிகளை உருவாக்கியது; மற்றொன்று அவர்களுக்குத் தொழில் தந்தது. 1878-இல் தி. முத்துசாமி ஐயர் உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாக நியமிக்கப்பட்டபோது, ஆங்கிலேயர் நடத்திய இதழ்கள் அந்நியமனத்தைக் குறைகூறின. அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தில் திருவல்லிக்கேணி இளைஞர்கள் அறுவர் அதே ஆண்டில் ‘தி இந்து’ இதழைத் தொடங்கினர். 1884-இல் சென்னை மகாஜன சபை அமைந்தது.

வெற்றி பெற்ற வழக்கறிஞர்கள் மயிலாப்பூரிலும் அதையொட்டிய லஸ் பகுதியிலும் பெரிய தோட்ட வீடுகளில் குடியேறினர். வெ. பாஷ்யம் ஐயங்கார், எஸ். சுப்பிரமணிய ஐயர், வி. கிருஷ்ணசாமி ஐயர் ஆகியோர் இவர்களில் குறிப்பிடத்தக்கவர்கள். காங்கிரசுக்குள் இவர்கள் ‘மயிலாப்பூர் குழு’ எனப்பட்டனர். சி. சங்கரன் நாயர், கஸ்தூரிரங்க ஐயங்கார் முதலியோர் ‘எழும்பூர் குழு’ என அறியப்பட்டனர்.

1906-இல் ஆர்பத்நாட் என்னும் ஆங்கிலேய வணிக வங்கி நிறுவனம் திவாலாகி, ஆயிரக்கணக்கானோர் தம் சேமிப்பை இழந்தனர். பாதிக்கப்பட்டோர் சார்பில் வாதாடிய கிருஷ்ணசாமி ஐயர், இந்தியர் மூலதனத்தில் ஒரு வங்கி தேவை என்று முயன்றார். 1907-இல் இந்தியன் வங்கி தோன்றியது. அதே கிருஷ்ணசாமி ஐயர் 1909-இல் உயர் நீதிமன்ற நீதிபதியாகவும், 1911-இல் ஆளுநரின் நிர்வாகக் குழு உறுப்பினராகவும் ஆனார். அரசை எதிர்த்து வாதாடுவதும் அரசுப் பதவியை ஏற்பதும் அக்காலத்தில் ஒன்றுக்கொன்று முரணாகக் கருதப்படவில்லை.

அடையாறும் தன்னாட்சி இயக்கமும்

இந்த இணக்கம் 1917-இல் சோதனைக்கு உள்ளானது. அடையாற்றில் பிரம்மஞான சபையின் தலைவராக இருந்த அன்னி பெசன்ட் 1916-இல் தன்னாட்சி இயக்கத்தைத் தொடங்கினார். 1917 ஜூனில் சென்னை அரசு அவரைக் காவலில் வைத்தது. இயக்கத்தின் மதிப்புறு தலைவராக இருந்த சுப்பிரமணிய ஐயர், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சனுக்கு இந்தியாவின் நிலையை விளக்கிக் கடிதம் எழுதினார். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் அந்நிய நாட்டுத் தலைவரிடம் முறையிட்டதைப் பிரிட்டிஷ் அரசு கண்டித்தது. ஐயர் தமக்கு அளிக்கப்பட்டிருந்த ‘சர்’ பட்டத்தையும் ‘திவான் பகதூர்’ பட்டத்தையும் துறந்தார். தன்னாட்சி இயக்கத்தில் பணியாற்றிய சி. பி. ராமசாமி ஐயர் வேறு வழியில் சென்றார். அவர் 1920-இல் அரசுத் தலைமை வழக்கறிஞராகவும், 1923-இல் நிர்வாகக் குழு உறுப்பினராகவும் ஆனார்.

பதவிகள் யாருக்கு?

மயிலாப்பூர்த் தலைவர்கள் நாட்டின் பெயரால் பேசினாலும், அவர்களுள் பெரும்பாலோர் பிராமணர்கள். மாகாண மக்கள்தொகையில் ஏறத்தாழ 3 விழுக்காடாக இருந்த பிராமணர்கள், 1912-ஆம் ஆண்டுக் கணக்கின்படி மாவட்ட முன்சீப்புப் பதவிகளில் 70 விழுக்காட்டுக்கும் மேல் வகித்தனர். 1916 டிசம்பரில் வெளியான பிராமணரல்லாதார் அறிக்கை இத்தகைய புள்ளிவிவரங்களையே தன் வாதத்துக்கு அடிப்படையாகக் கொண்டது. பிட்டி தியாகராயர், டி. எம். நாயர், சி. நடேசனார் ஆகியோர் முன்னின்று உருவாக்கிய நீதிக்கட்சி 1920 தேர்தலில் வென்று ஆட்சி அமைத்தது. முதலமைச்சர் பொறுப்பை ஏற்கத் தியாகராயர் மறுத்துவிட்டார்.

அத்தேர்தலில் சொத்துத் தகுதி உடையோர் மட்டுமே வாக்களித்தனர். ஆகவே இதை ஏழை எளியோரின் எழுச்சி என்பதைவிட, வளர்ந்துவந்த மற்றொரு படித்த, உடைமை வர்க்கம் தன் பங்கைக் கேட்டது எனக் கொள்வதே பொருந்தும். 1921 முதல் வகுப்புவாரி ஆணைகள் பிறப்பிக்கப்பட்டன. 1920-களின் இறுதியில் நடைமுறைக்கு வந்த முறைப்படி ஒவ்வொரு 12 பதவிகளிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறித்தவர்களுக்கு 2, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு 1 என ஒதுக்கப்பட்டது. 1929-இல் சென்னைப் பணியாளர் தேர்வாணையம் அமைக்கப்பட்டது. மாகாண அளவில் இந்தியாவில் இதுவே முதலாவதாகும்.

தியாகராய நகர்: அரசு உருவாக்கிய குடியிருப்பு

நீதிக்கட்சி ஆட்சி பதவிகளைப் பகிர்ந்தளித்ததோடு நகரின் உருவத்தையும் மாற்றியது. 1920-ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்தைத் தொடர்ந்து, நுங்கம்பாக்கத்துக்குத் தெற்கே நீண்டு கிடந்த ஏரி தூர்க்கப்பட்டு மாம்பலத்தில் புதிய குடியிருப்பு அமைக்கப்பட்டது. அதற்குத் தியாகராயரின் பெயர் சூட்டப்பட்டது. நடுவே பனகல் அரசர் பெயரில் ஒரு பூங்கா அமைந்தது. உஸ்மான் சாலை, டாக்டர் நாயர் சாலை, ஜி. என். செட்டி சாலை, நடேசன் பூங்கா ஆகியவையும் அக்கால அரசியல் தலைவர்களின் பெயர்களைத் தாங்குகின்றன. பாண்டி பஜார் என்பது நீதிக்கட்சித் தலைவர் டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனார் பெயரிலிருந்து வந்தது. மறைந்துபோன ஏரியை மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ சாலை இன்றும் நினைவூட்டுகிறது.

இத்தெருக்களில் பிராமணர், பிராமணரல்லாதார் ஆகிய இரு தரப்பு அலுவலர்களும் வழக்கறிஞர்களும் வீடு கட்டிக் குடியேறினர். பதவிக்காகப் போட்டியிட்டவர்கள் ஒரே தெருவில் அண்டை வீட்டாராயினர்.

நீதிமன்றத்தின் வழியே அரசியல்

விடுதலைக்குப் பின் வகுப்புவாரி ஆணை நீதிமன்றத்துக்குச் சென்றது. மருத்துவக் கல்லூரி சேர்க்கை தொடர்பாகச் செண்பகம் துரைராஜனும், பொறியியல் கல்லூரி சேர்க்கை தொடர்பாகச் சி. ஆர். சீனிவாசனும் வழக்குத் தொடுத்தனர். அரசியல் நிர்ணய சபை உறுப்பினராக இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், சீனிவாசனுக்காக வாதாடினார். 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்றது. மாகாணமெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அதே ஆண்டு ஜூனில் முதல் அரசியலமைப்புத் திருத்தத்தின் வழியே 15(4) என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய வழி பிறந்தது. நீதிமன்றத்தில் கிடைத்த வெற்றியை நாடாளுமன்றம் சில வாரங்களில் மாற்றிவிட்டது.

1952 பொதுத்தேர்தலில் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தபின், தென்சென்னைப் படித்தவர்கள் வாக்காளர்களில் ஒரு பகுதியினர் மட்டுமே ஆயினர். 1957-இல் தென்சென்னை மக்களவைத் தொகுதி காங்கிரசின் டி. டி. கிருஷ்ணமாச்சாரியைத் தேர்ந்தெடுத்தது. 1967-இல் அதே தொகுதி சி. என். அண்ணாதுரையைத் தேர்ந்தெடுத்தது. எனவே இப்பகுதி முழுவதும் திராவிட இயக்கத்துக்கு எதிரானது என்ற பொதுக்கருத்து முழு உண்மையன்று.

அரசும் இவ்வர்க்கத்தைக் கைவிடவில்லை. 1961-இல் தோன்றிய வீட்டு வசதி வாரியம் அடையாற்றை ஒட்டிய பெசன்ட் நகரில் மனைகளையும் அடுக்குமாடிக் குடியிருப்புகளையும் வழங்கியது. மாதச் சம்பளக்காரர் சொந்த வீடு பெறுவதற்கு அரசு வழி செய்தது.

2003: வேலைநிறுத்தமும் விளைவும்

2003-இல் இந்த உறவு கடுமையாக மோதியது. ராணி மேரி கல்லூரி இருந்த இடத்தில் தலைமைச் செயலகம் கட்டும் திட்டத்தை எதிர்த்து மாணவிகள் கல்லூரிக்குள்ளேயே தங்கிப் போராடினர். 1914-இல் தொடங்கப்பட்ட அக்கல்லூரி, பல குடும்பங்களில் முதல் பட்டதாரிப் பெண்களை உருவாக்கியது. திட்டம் கைவிடப்பட்டது.

அதே ஆண்டு ஜூலையில் ஓய்வூதியச் சலுகைகள் குறைக்கப்பட்டதை எதிர்த்து அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களில் ஏறத்தாழ 1.7 லட்சம் பேரை ஜெயலலிதா தலைமையிலான அரசு பணிநீக்கம் செய்தது. வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியர்களுக்கு அடிப்படை உரிமை இல்லை என்று ஆகஸ்ட் 6-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்தபின் பெரும்பாலோர் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். 2004 மக்களவைத் தேர்தலில் ஆளும் கூட்டணி தமிழகத்தின் 39 தொகுதிகளையும் இழந்தது. அதன்பின் ஊழியர்கள் மீதான நடவடிக்கைகள் திரும்பப் பெறப்பட்டன. நீதிமன்றத்தில் கிடைக்காதது வாக்குச்சாவடியின் வழியே கிடைத்தது.

விதிமீறல் கட்டடங்களும் நடைபாதைக் கடைகளும்

1990-களுக்குப் பின் இவ்வர்க்கத்தின் கவனம் பதவியிலிருந்து தெருவுக்குத் திரும்பியது. அனுமதியின்றிக் கட்டப்பட்ட கட்டடங்களைக் கட்டணம் பெற்று முறைப்படுத்த, நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 1998-இல் 113-அ பிரிவு சேர்க்கப்பட்டது. சென்னையில் 1985-இல் தொடங்கப்பட்ட நுகர்வோர் அமைப்பு ஒன்று இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. ஒரு முறை மட்டும் தரப்படும் சலுகை என்ற அளவில் 2000-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. சலுகையை மேலும் நீட்டித்த சட்டங்களை 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் 2007-இல் அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து தியாகராய நகர் வணிகக் கட்டடங்களை இடிப்பிலிருந்து காத்தது.

கட்டட உரிமையாளர்களுக்குக் கிடைத்த அவகாசம் பாண்டி பஜாரின் நடைபாதை வியாபாரிகளுக்குக் கிடைக்கவில்லை. நீண்ட வழக்குகளுக்குப் பின் 2013-இல் அவர்கள் மாநகராட்சியின் அடுக்கு வணிக வளாகத்துக்கு மாற்றப்பட்டனர். சாலையோர வியாபாரிகளின் வாழ்வாதாரத்தைப் பாதுகாக்கும் மத்தியச் சட்டம் அதற்கு அடுத்த ஆண்டுதான் வந்தது. 2019-இல் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது.

மதிப்பீடு

அரசியல் அறிஞர் பார்த்தா சாட்டர்ஜி, சட்டமும் உரிமையும் பேசும் ‘குடிமைச் சமூகம்’ என்றும், வாக்கையும் பேரத்தையும் நம்பும் ‘அரசியல் சமூகம்’ என்றும் பிரித்துக் காண்கிறார். தென்சென்னையின் வரலாறு இப்பிரிவினைக்கு ஓரளவே பொருந்துகிறது. நீதிமன்றத்தை நாடிய நடுத்தர வர்க்கமே 1916-இல் விகிதாசாரம் கேட்டது. 2004-இல் வாக்கால் பதில் சொன்னது. மனு எழுதவும் வழக்குத் தொடுக்கவும் தெரிந்தவர்களின் குரல் அரசை விரைவில் எட்டியது. அந்தத் திறனை யார் பெறலாம் என்பதே வகுப்புவாரி ஆணைகள் தொடங்கி இன்றைய இடஒதுக்கீடு வரை நீடிக்கும் விவாதத்தின் மையமாக உள்ளது.