கரும்பொருள் விவாதம்

கரும்பொருள் என்பது ஒளியை உமிழாமலும் உறிஞ்சாமலும், ஈர்ப்பால் மட்டுமே தன் இருப்பைக் காட்டுவதாகக் கருதப்படும் பொருள். அப்படி ஒன்று உண்டா, அல்லது நாம் அறிந்த ஈர்ப்பு விதிதான் குறைபட்டதா என்பதே விவாதம்.

கலிஃபோர்னியாவில் பணியாற்றிய ஃபிரிட்ஸ் ஸ்விக்கி, 1933இல் கோமா பேரடைக் கொத்தை ஆராய்ந்தார். அதிலுள்ள பேரடைகள் ஓடும் வேகத்துக்குக் கொத்து என்றோ சிதறியிருக்க வேண்டும். கட்டிவைக்கக் கண்ணுக்குத் தெரியாத பெரும் நிறை தேவை என்றார். கண்ணுக்குத் தெரியும் பொருளைப் போல 400 மடங்கு என்று அவர் சொன்னது மிகை. அண்டம் விரியும் வீதம் அன்று தவறாகக் கணிக்கப்பட்டிருந்தது. ஆனாலும் போக்கு சரிதான். பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்தவில்லை.

1970இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரொமீடா பேரடையில் 67 வாயுத் திட்டுகளின் நிறமாலையை அளந்து, அவை சுற்றும் வேகத்தைக் கணித்தனர். மையத்திலிருந்து விலக விலக வேகம் குறைய வேண்டும்: சூரியனைப் புதன் நொடிக்கு 47 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது, தொலைவிலுள்ள நெப்டியூனுக்கு 5 கி.மீ.தான். ஆண்ட்ரொமீடாவின் விளிம்பிலோ வேகம் அப்படிக் குறையவே இல்லை. 1978இல் ஆல்பர்ட் போஸ்மா வானொலி அலைகளால் வேறு பல பேரடைகளிலும் இதையே கண்டார்.

பொருளைத் தேடுவதற்குப் பதில் விதியைத் திருத்தலாம் என்றார் இஸ்ரேலிய இயற்பியலர் மோர்டெகாய் மில்க்ரோம் (1983). புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறத்தாழ எட்டாயிரம் கோடியில் ஒரு பங்குக்குக் கீழே நியூட்டனின் விதி மாறுகிறது என்பது அவருடைய 'மாண்ட்' கோட்பாடு. இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஸ்டேசி மெக்காவும் கூட்டாளிகளும் 2016இல் 153 பேரடைகளை ஒப்பிட்டபோது, கண்ணுக்குத் தெரியும் பொருளின் பரவலே சுழற்சியைத் துல்லியமாகச் சொல்லிவிட்டது. பெரும்பங்கு நிறை கரும்பொருள் என்றால், சிறுபங்கு எப்படி இவ்வளவு ஆட்டிவைக்கிறது? இதற்கு எல்லாரும் ஏற்கும் விடை இன்னும் வரவில்லை.

பேரடைகளைத் தாண்டினால் மாண்ட் தடுமாறுகிறது. 'புல்லட்' கொத்தில் இரு பேரடைக் கொத்துகள் மோதி ஊடுருவிச் சென்றன. சாதாரணப் பொருளில் பெரும்பகுதியான வெப்ப வாயு நடுவில் பின்தங்கியது. ஈர்ப்பால் ஒளி வளைவதைக் கொண்டு 2006இல் வரைந்த நிறைப் படத்திலோ நிறை, வாயுவை விட்டு விலகிப் பேரடைகளோடு போயிருந்தது. அண்டப் பின்னணிக் கதிர்வீச்சும் கரும்பொருள் தரப்புக்குத்தான் வலுவூட்டுகிறது: அதை அளந்த பிளாங்க் விண்கலத்தின் கணக்கில், அண்டத்தின் மொத்த நிறை-ஆற்றலில் சாதாரணப் பொருள் 5%, கரும்பொருள் 27%. 2017இல் ஈர்ப்பலையும் காமாக் கதிரும் 13 கோடி ஒளியாண்டு கடந்து 1.7 நொடி இடைவெளியில் வந்துசேர்ந்தபோது, இரண்டின் வேகமும் வேறுபடும் என்று கணித்த, மாண்டைச் சார்ந்து 2004இல் யாக்கோப் பெக்கன்ஸ்டைன் அமைத்த கோட்பாடு அடிபட்டது.

எனவே பெரும்பான்மை அறிவியலர் கரும்பொருள் தரப்பினர். ஆனால் துகள்தான் கைக்கு வரவில்லை. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், பழைய தங்கச் சுரங்கத்தில் 1.5 கி.மீ. ஆழத்தில், 10 டன் செனானை வைத்து எல்.இசட். சோதனை நடக்கிறது. 2024இல் வெளியான அதன் முடிவுகளில் கரும்பொருள் துகளின் தடயம் ஏதுமில்லை.