தெளிநீரில் எழுந்த வழக்கு

தூண்டிலிட்டு மீன் பிடித்தல் உலகெங்கும் ஏழைக்கும் செல்வர்க்கும் பொதுவான தொழில். அதனை ஒரு கலையாக்கி, அக்கலைக்கு இலக்கணமும் வகுத்து, அவ்விலக்கணத்தை மீறினார் என்று ஒரு முதியவரை அவை நடுவே நிறுத்திய வரலாறு தென் இங்கிலாந்தின் இரண்டொரு சிற்றாறுகளுக்கே உரியது. கொல்லாமை போற்றும் சூழலில் வளர்ந்த நம் மாணவர், மீன்பிடியில் ஆராய்வதற்கு யாதுளது என வினவுதல் கூடும். மீனைச் சற்றே மறந்து நோக்குவார்க்கு, உரையளவையும் காட்சியளவையும் தம்முள் முரணும்போது எதனைத் தெளிவது என்னும் நம் அளவை நூலாரின் வினாவே ஈண்டு வேறு கோலத்தில் நிற்பது புலனாகும்.

மீன் ட்ரவுட் எனப்படுவது. குளிர்ந்த நன்னீரில் வாழ்வது. பிரித்தானியர் தாம் சென்ற மலைநாடுகளுக்கெல்லாம் இதனைக் கொண்டு சென்றனர்; 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் நுவரெலியாப் பகுதியின் ஓடைகளிலும் விட்டனர். பாறைகளிடையே பாய்ந்தோடும் அத்தகைய மலையோடைகளில் இம்மீனைப் பிடிப்பதே அரிதென்று நாம் எண்ணுவோம். உண்மை இதற்கு மறுதலை. மலையோடையில் உணவு சிறிது; நீரோ நுரைத்துச் சுழல்வது. எதிர்ப்பட்டதைக் கணத்திற் கவ்வாத மீன் பட்டினி கிடக்க வேண்டியதே. ஆதலால் அது எளிதில் ஏமாறும். ஹம்ஷயர்க் கோட்டத்தில் ஆரவாரமின்றி ஒழுகும் டெஸ்ட், இச்சென் என்னும் ஆறுகளே தூண்டிற்காரரின் செருக்கை அடக்கியவை.

இவை சுண்ணப் பாறையிற் பிறப்பவை. மழைநீர் பாறையின் நுண்டுளைகளிற் புகுந்து, நெடுநாள் உள்ளே தங்கி, பின் ஊற்றாக வெளிப்படுகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகளை அறிந்தார்க்கு இது விளக்க வேண்டாததொன்று. நம் பாறை இறுகியது, அவர் பாறை வெண்மையும் மென்மையும் உடையது என்பதே வேறுபாடு. ஊற்றுநீர் கோடையிலும் மாரியிலும் ஏறத்தாழ 10 பாகை சென்ரிகிறேட் வெப்பத்திலேயே சுரக்கும். அடியிற் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணத்தக்க தெளிவுடையது. நீர்ப்பாசியும் கொடியும் செழித்து, அவற்றுட் பூச்சியினங்கள் பல்கிப் பெருகும். உண்டு கொழுத்த மீனுக்கு அவசரம் இல்லை. மெல்ல மிதந்துவரும் ஒவ்வொன்றையும் அணுகி நோக்கி, ஐயுற்றால் விட்டுவிடும்.

தூண்டில் முள்ளில் இறகும் பட்டிழையும் மயிரும் சுற்றிப் பூச்சிபோற் செய்து மீனை மயக்குதலே இக்கலை. மீன் நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்கும். ஆதலின் அதன் பின்புறமாக, ஆற்றின் கீழ்ப்பக்கத்திலிருந்து அணுகுதல் வேண்டும். நீரினுள்ளிருந்து மேனோக்கும் கண்ணுக்கு வெளியுலகு முழுவதும் ஏறத்தாழ 97 பாகை விரிந்த ஒரு கூம்பினுள் அடங்கிவிடும். நிமிர்ந்து நிற்பவன் அக்கூம்பின் விளிம்பில் தோன்றுவான். குனிந்து தவழ்பவனே தப்புவான். இவ்வளவும் செய்து பூச்சியை உரிய இடத்தில் வீழ்த்தினாலும் முடிந்ததன்று. ஆற்றின் நடுவில் விரைவும் கரையில் தயக்கமுமாக நீர் ஓடுதலின், கயிற்றைப் பிடித்திழுக்கும் ஓட்டம் வேறு, பூச்சியைத் தாங்கும் ஓட்டம் வேறு. பூச்சி ஓட்டத்தோடு செல்லாது சிறிதே இழுபட்டு ஒரு கோடு கீறினாலும் மீன் மறைந்துவிடும்.

இத்தகைய ஆற்றுக்கு விதி கண்டவர் பிரெடெரிக் ஹல்போர்ட் (1844-1914). 1879இல் வின்செஸ்டர் நகரில் ஜோர்ஜ் மரியற் என்பாரைச் சந்தித்தார். இருவரும் ஆற்றுப் பூச்சிகளைப் பிடித்து வகைப்படுத்தி, அவற்றின் நிறத்தையும் அளவையும் முள்ளிற் பெயர்க்க முயன்றனர். மரியற் தம் பெயரை நூலில் இட இசைந்தாரல்லர். அடக்கம் என்று சொல்லலாம். எனக்கு அது முன்னறிவு என்றே தோன்றுகின்றது. 1886இல் மிதக்கும் பூச்சிகளைச் செய்யும் முறைபற்றியும், 1889இல் அவற்றைக் கையாளும் முறைபற்றியும் ஹல்போர்ட் எழுதிய நூல்கள் வெளிவந்தன. மீன் மேலெழுந்து உண்பதைக் கண்ட பின்னரே எறிக. அது உண்ணும் பூச்சியின் சாயலையே எறிக. அது நீர்மேல் உலர்ந்து மிதத்தல் வேண்டும் என்பன அவர் கொள்கையின் சாரம்.

இந்நூல்கள் உழைப்பின் விளைவு. அவற்றைக் குறைகூறுதல் தகாது. எனினும் ஆசிரியர் காட்டிய நன்னெறி மாணாக்கர் கையிற் கட்டளையாயிற்று. மிதக்கும் பூச்சியன்றி வேறெதனையும் இடுவோன் நேர்மையற்றவன் என்னும் எண்ணம் பரவிற்று. பின்னாளில் வெளிநாட்டமைச்சரான எட்வர்ட் கிரே போன்றோர் இச்சென் கரையிற் குடில் அமைத்து ஓய்வு கொண்ட காலம் அது. விதி பெருமக்களின் ஒழுக்கத்தோடு ஒன்றாகிவிட்டது.

இதனை வினவியவர் ஜி. ஈ. எம். ஸ்கியூஸ் (1858-1949). இலண்டனில் வழக்கறிஞர், கண்பார்வை குறைந்தவர். வின்செஸ்டரை அடுத்த அபட்ஸ் பார்ட்டன் என்னும் பகுதியில் 1883 முதல் இச்சென் ஆற்றில் தூண்டிலிட்டு வந்தார். ஹல்போர்டின் நூலைப் பயின்று, அதனை மதித்து, அதன்படியே ஒழுகியவர். ஒருநாள் நன்கு மிதவாது அமிழ்ந்த பூச்சியை மீன் பற்றியது. பிறர் இதனைத் தற்செயல் என்று மறந்திருப்பர். ஸ்கியூஸ் பிடித்த மீனின் இரைப்பையிலிருந்து சிறு கரண்டியால் உணவை எடுத்து, வெண்ணிறத் தட்டில் நீருடன் பரப்பி நோக்கலானார். அங்கே சிறகு முளைத்த பூச்சிகளைவிட, சிறகு வெளிப்படாத இளம்பூச்சிகளே மிகுந்திருந்தன.

இப்பூச்சிகளின் வாழ்வு ஈசலின் வாழ்வை ஒருவகையில் நினைப்பூட்டுவது. பல திங்கள் நீரடியில் வளர்ந்து, ஒருநாள் மேலேறித் தோலுரித்துப் பறந்து, உணவும் கொள்ளாது முட்டையிட்டு மடிவன. மேற்பரப்பில் அவை நிற்பது சில கணமே. ஏறிவரும் வழியிலேயே மீன் அவற்றை உண்ணுகின்றது. நீர் புடைப்பதைக் கண்டு, மீன் மேலே உண்பதாகத் தூண்டிற்காரர் மயங்குகின்றனர். மீன் நீருள் உண்பதை ஹல்போர்ட் அறியாதவரல்லர். அதனைப் போலச் செய்தல் இயலாதென்று கருதி ஒதுக்கினார். இயலும் என்று செய்து காட்டியது ஸ்கியூஸின் குற்றம். 1910இல் ஒரு சிறுநூலும் 1921இல் விரிந்த நூலொன்றும் எழுதினார்.

ஹல்போர்ட் மறைந்து 24 ஆண்டுகள் சென்றபின், 1938 பெப்ரவரியில், இலண்டனிலுள்ள தூண்டிற்காரர் கழகத்தில் இளம்பூச்சி முறையின் தகுதிபற்றி ஒரு விவாதம் நடந்தது. ஸ்கியூஸுக்கு அப்போது 79 வயது. மீன் இயல்பாக உண்பதையே தாம் போலச் செய்வதாக அவர் எடுத்துரைத்தார். அவை அவர் பக்கம் சாயவில்லை. அபட்ஸ் பார்ட்டனில் உடன் தூண்டிலிட்டோரும் அவர் முறையை விரும்பவில்லை. அவ்வாண்டிறுதியில், 55 ஆண்டு பழகிய அந்நீரை விட்டு அவர் நீங்கினார். மறுதரப்பிலும் ஒரு நியாயம் இருந்தது என்பதை மறைத்தலாகாது. இளமீன்களைக் காயப்படுத்தாது ஆற்றைக் காத்தல் வேண்டும் என்றோர் அவருட் பலர். ஆனால் அவர்கள் ஆற்றைவிட நூலையே பெரிதும் மேற்கோள் காட்டினர்.

அடுத்த ஆண்டே, 1939இல், ஸ்கியூஸ் இளம்பூச்சி முறைபற்றிய தம் மூன்றாம் நூலை வெளியிட்டார். பின்னர் வில்ட்ஷயரில் ஏவன் ஆற்றின் காவலராயிருந்த பிராங்க் சோயர், பள்ளிப்படிப்பாலன்றி நாள்தோறும் நீரை நோக்கியதாற் கற்றவர், செப்புக் கம்பியும் பெசன்ற் கோழியின் வாலிறகும் கொண்டு இளம்பூச்சி ஒன்றைச் செய்தார். 1958இல் அவர் நூல் வந்தது. இன்று அப்பூச்சி உலகெங்கும் வழங்குகின்றது. சுண்ணப் பாறை ஆறுகளின் பல பகுதிகளில் யூலைத் திங்கள் முதல் இளம்பூச்சி இடுதற்கு ஒப்புதல் உண்டு. அதற்கு முன் மிதக்கும் பூச்சியே என்னும் விதியும் ஆங்காங்கே நிற்கின்றது. இப்போதைய கவலை வேறு: ஊற்றுக்கு உரிய நீரை நகரங்கள் நிலத்தடியிலேயே இறைத்துக்கொள்ளுதலால் ஆறுகள் மெலிகின்றன. குழாய்க் கிணறுகளால் உவர் ஏறக் கண்ட நமக்கு இது புதிதன்று.

ஸ்கியூஸ் 1949இல் மறைந்தார். அவர் சாம்பலை அபட்ஸ் பார்ட்டனில், இச்சென் கரையிலேயே தூவினர்.