வயக்காட்டுக்காரங்க போட்ட இசைத்தட்டுகள்

போன வாரம் எங்க வயல்ல தாளடி நடவு. மிஷின் ஓட்டுற தம்பி காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டு ஓட்டுறார். வரப்புல உக்காந்திருந்த எனக்கு வேலை ஒண்ணுமில்ல. போனை எடுத்து அலி ஃபர்க்கா தூரே போட்டேன். டீ குடிக்க வந்த தம்பி, "என்னண்ணே, அரபிப் பாட்டா?"ன்னு கேட்டார். "இல்லப்பா, பாடுறவர் நம்மள மாதிரி விவசாயி"ன்னேன். நம்பல. அவர்கிட்ட அரைகுறையா சொன்னதை இங்க ஒழுங்கா எழுதிடலாம்னு பாக்குறேன். சினிமாப் பாட்டைத் தவிர வேற கேக்காதவங்களும் இதையெல்லாம் ஒரு தடவை தேடிக் கேளுங்க.

அலி ஃபர்க்கா தூரே மேற்கு ஆப்பிரிக்காவுல மாலி நாட்டுக்காரர். 1939-ல பிறந்தவர். அவரு வீட்டுல பிறந்த ஆம்பளப் புள்ளைங்க பத்துப் பேர், குழந்தையிலேயே சாகாம தங்கினது இவர் ஒருத்தர்தான். அதனால 'ஃபர்க்கா'ன்னு பட்டப்பேர் வச்சாங்க. கழுதைன்னு அர்த்தம். நம்ம ஊர்லயும் தங்காத வீட்டுல பிறந்த பிள்ளைக்குக் குப்பை, பிச்சைன்னு பேர் வச்சாங்களே, அதே கதைதான். 1994-ல அமெரிக்க கிதார்காரர் ரை கூடரோட சேர்ந்து 'டாக்கிங் டிம்பக்டு'ன்னு ஒரு ஆல்பம் போட்டு கிராமி விருது வாங்கினார். வேற ஆளா இருந்தா அப்புறம் உலகம் பூரா சுத்தியிருப்பார். இவர் நைஜர் ஆத்தங்கரையில நியாஃபுங்கேங்கிற தன் ஊருக்கே திரும்பிப் போய் வெள்ளாமையைப் பாத்தார். கம்பெனிக்காரங்க வேற வழியில்லாம பதிவு மெஷினையும் ஜெனரேட்டரையும் தூக்கிக்கிட்டு அங்க வந்தாங்க. கைவிட்டுக் கிடந்த ஒரு செங்கல் கட்டடத்துல, அவருக்கு வயல் வேலை ஒழிஞ்ச நேரம் பாத்துப் பதிவு நடந்தது. அதுதான் 1999-ல வந்த 'நியாஃபுங்கே'. கிராமி வாங்கினதை விட இதுதான் எனக்குப் பிடிக்கும். அவசரமே இல்லாத பாட்டு. 2004-ல அந்த ஊருக்கு மேயராவும் ஆனார். 2006-ல இறந்துட்டார்.

அடுத்தவர் கதை இன்னும் மனசைப் பிசையும். மிசிசிப்பி ஜான் ஹர்ட். அமெரிக்காவுல மிசிசிப்பி மாநிலத்துல அவலான்னு ஒரு சின்ன ஊர், அங்க அடுத்தவன் நிலத்தை வாரத்துக்கு உழுத கறுப்பினத்தவர். கிதாரை யாரும் சொல்லித் தராம தானே கத்துக்கிட்டவர். 1928-ல ஓகே கம்பெனிக்காரங்க மெம்பிஸுக்கும் நியூயார்க்குக்கும் கூப்பிட்டுப் பாட வச்சாங்க. தட்டு விக்கல. அடுத்த வருஷமே அமெரிக்காவுல பெரிய பொருளாதாரச் சரிவு. ஹர்ட் ஊருக்குத் திரும்பி மாடு கன்னு, வயல்னு இருந்துட்டார். ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இல்ல, 35 வருஷம்! 1963-ல டாம் ஹாஸ்கின்ஸ்னு ஒரு இளைஞர் அந்தப் பழைய தட்டைக் கேட்டுட்டு, பாட்டுக்குள்ள வர்ற ஊர்ப் பேரைப் பிடிச்சார். புது மேப்புல அந்த ஊர் இல்ல. பழைய மேப்புல தேடிக் கண்டுபிடிச்சுப் போனா, எழுபது வயசுப் பெரியவரா உயிரோட இருக்கார். அதே வருஷம் நியூபோர்ட் திருவிழா மேடையில ஏத்திட்டாங்க. மூணு வருஷம்தான், 1966-ல காலமானார். 1928-ல பாடினதையும், அந்த வயசான காலத்துல பாடின 'டுடே' ஆல்பத்தையும் அடுத்தடுத்து கேட்டுப் பாருங்க. விரல் ஓட்டம் ஒண்ணுதான். குரல்ல மட்டும் கொஞ்சம் மண் சேந்திருக்கும்.

அதே மிசிசிப்பியில, ஸ்டோவால்னு ஒரு பருத்திப் பண்ணை. 1941 ஆகஸ்ட்ல அலன் லோமாக்ஸ், ஜான் வொர்க்னு ரெண்டு பேர் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக நாட்டுப் பாட்டு சேகரிக்க அங்க போனாங்க. லோமாக்ஸ் தேடினது ராபர்ட் ஜான்சன்ங்கிற பாடகரை. அவர் 1938-லயே இறந்துட்டார். அவருக்குப் பதிலா கிடைச்சவர் பண்ணையில டிராக்டர் ஓட்டிக்கிட்டிருந்த மக்கின்லி மார்கன்ஃபீல்ட். ஊர்ல கூப்பிடுற பேர் மடி வாட்டர்ஸ், 'சேத்துத் தண்ணி'ன்னு வச்சுக்கலாம். அவர் குடிசையிலேயே வச்சுப் பதிவு பண்ணாங்க. பின்னால ரெண்டு தட்டும் 20 டாலரும் அனுப்பினாங்க. தட்டுல தன் குரலைக் கேட்டதும்தான் நாமளும் பாடகன்தான்னு அவருக்கே நம்பிக்கை வந்துச்சு. 1943-ல பண்ணையை விட்டு சிகாகோவுக்கு ரயிலேறினார். அங்க மின்சார கிதாரோட அவர் வாசிச்ச ப்ளூஸ்லேர்ந்துதான் பின்னாடி எத்தனையோ ராக் குழுக்கள் முளைச்சது. ரோலிங் ஸ்டோன்ஸ்ங்கிற பேரே அவரு பாட்டுலேர்ந்து எடுத்ததுதான். அந்தக் குடிசைப் பதிவெல்லாம் 1993-ல 'தி கம்ப்ளீட் பிளான்டேஷன் ரெக்கார்டிங்ஸ்'னு முழுசா வந்துச்சு. நடுநடுவுல பேட்டியும் இருக்கு.

பொம்பளைங்க பாட்டு வேணும்னா, 1975-ல மார்செல் செல்லியேங்கிற சுவிஸ்காரர் வெளியிட்ட பல்கேரியப் பெண்கள் பாட்டுத் தட்டு ஒண்ணு இருக்கு. ஃப்ரெஞ்சுல பேரு, 'பல்கேரியக் குரல்களின் மர்மம்'னு அர்த்தம். ரெண்டு குரல் ஒண்ணோட ஒண்ணு உரசுற மாதிரி நெருக்கமாப் போகும், மயிர் கூச்செறியும். ஆனா கிராமத்து மெட்டை எடுத்து, இசையமைப்பாளருங்க சீர் பண்ணி, அரசாங்க ரேடியோ குழு பாடினது அது. மெட்டு காட்டுலேர்ந்து வந்தது, பாட்டு ஸ்டுடியோவுல பிறந்தது. கேளுங்க, ஆனா ஹர்ட்டுக்கு அப்புறம் கேளுங்க.

நம்ம பக்கம் இதுக்கு ஈடா சொல்லணும்னா கொல்லங்குடி கருப்பாயி அம்மா. வயல்ல பாடிக்கிட்டிருந்தவங்க, வானொலிக்குப் போனாங்க, 1985-ல 'ஆண்பாவம்' படத்துல நடிச்சுப் பாடினாங்க. அதனால அந்தக் குரல் நமக்கு மிஞ்சிச்சு. மிஞ்சாதது எத்தனையோ.

அதுல ஒண்ணு என்னால போனது. 1989-ல சிங்கப்பூர்லேர்ந்து மாமா ஒரு டேப் ரெக்கார்டர் கொண்டு வந்தார். எங்க அப்பாயியைத் திண்ணையில உக்கார வச்சு அப்பா ஒரு கேசட் நிறைய நடவுப் பாட்டு பிடிச்சார். அப்பாயி பாடி முடிச்சு, குலவையும் விட்டுட்டு, "எலேய், இதுக்குள்ளயா நான் இருக்கேன்?"னு கேட்டது வரைக்கும் அதுல இருந்துச்சு. எனக்கு அப்ப பன்னெண்டு வயசு. காலி கேசட் வாங்கக் காசில்ல. ரேடியோவுல ஓடின சினிமாப் பாட்டை அது மேலயே பிடிச்சுட்டேன். அப்பா அடிக்கல. ஒண்ணும் சொல்லவும் இல்ல. அப்பாயி போய் இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. கேசட் இன்னும் பரண்ல இருக்கு. போட்டா சினிமாப் பாட்டுதான் வருது.

அப்பாயி கூட நட்டவங்கள்ல எங்க தெருவுல மிச்சம் ஒரு அத்தைதான். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி போனோட போய், "அத்தை, ரெண்டு பாட்டு பாடுங்க, பிடிச்சுக்கிறேன்"னேன். "கையில நாத்து முடி இல்ல, பக்கத்துல நாலு பொம்பளைங்க இல்ல, எப்படிய்யா பாட்டு வரும்? அது குனிஞ்சாத்தான் வரும்"னாங்க.

அதனால பள்ளக்கால்ல ஒரு மாவுக்கு மட்டும் மிஷினை விடல. மிஷினுக்குப் போட்ட பாய் நாத்து தனி, இதுக்கு நாத்தங்கால் தனியா விட்டேன். வர்ற வியாழக்கிழமை நடவு. அத்தையோட சேத்து ஆறு பேர் வர்றதா சொல்லியிருக்காங்க. மழை மட்டும் பொறுக்கணும்.