சர்வீஸ் ஆயுதமான வரலாறு: ஆடவர் வாலிபாலில் விதிகளும் துணிச்சலும்

1895இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகர ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மார்கன் வாலிபாலை வகுத்தபோது, சர்வீஸ் என்பது ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் சடங்கு மட்டுமே. முதல் முயற்சி தவறினால் இரண்டாவது உண்டு. வலையை எட்டாத பந்தைக் கூட்டாளி தட்டி அனுப்பவும் இடமிருந்தது. இன்று உயர்மட்ட ஆடவர் போட்டிகளில் அதே சர்வீஸ் மணிக்கு 120 கி.மீ.யைத் தாண்டி, அரை விநாடியில் எதிரணியின் கையை அடைகிறது. வீரர்களின் உயரமும் தோள்வலுவும் கூடியதே காரணம் என்பார்கள். அது பாதிக் காரணம்தான். எதிரணியின் ரிசீவ் தேறத் தேற, சாதுவான சர்வீஸ் பயனற்றுப்போனது. துணிச்சல் அதனால்தான் கட்டாயமானது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1920இல் ஹாரி பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரிக்கு இந்த ஆட்டம் இந்தியாவில் வேரூன்றியதில் பெரும் பங்குண்டு. தமிழக வாலிபால் வீரர் ஏ. பழனிசாமி அர்ஜுனா விருது பெற்ற 1961ஆம் ஆண்டையும், இந்தியா ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்ற 1962ஐயும் சேர்ந்த காலத்தில், சர்வீஸ் போட்ட அணிக்கு மட்டுமே புள்ளி. வலையோரம் எழும்பி சர்வீஸையே பிளாக் செய்யவும் விதி அனுமதித்தது. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற பிரேசில் அணி ஜம்ப் சர்வீஸைப் பரப்பியது. தங்கம் வென்ற அமெரிக்காவோ ரிசீவ் பொறுப்பை இரண்டே வீரர்களிடம் ஒப்படைத்திருந்தது. தாக்குதலும் தற்காப்பும் ஒரே மேடையில் புதிதாகிவிட்டன. அந்த ஒலிம்பிக்குக்குப் பின் சர்வீஸை பிளாக் செய்வது தடைசெய்யப்பட்டது. 1990களின் நடுவில் சர்வீஸ் பகுதி எல்லைக்கோட்டின் 9 மீட்டர் அகலத்துக்கும் விரிந்தது. எதிர்ப்பக்கத்தில், 1998இல் வந்த, தற்காப்புக்கென்றே களமிறங்கும் லிபரோ ரிசீவை ஒரு தனித்தொழிலாகவே ஆக்கினார்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். ஒவ்வொரு ராலிக்கும் புள்ளி என்ற முறை 1990களின் இறுதியில் வந்தபின், வெளியே போகும் சர்வீஸ் எதிரணிக்கு நேரடியாக ஒரு புள்ளியைத் தருகிறதே. வீரர்கள் அடக்கி வாசித்திருக்க வேண்டாமா? கணக்குப் போட்டால் விடை தெரியும். எளிய சர்வீஸுக்கு எதிரணி 10 ராலியில் 7ஐ வெல்கிறது என்று வைத்துக்கொள்வோம். நமக்குக் கிடைப்பது 3. கடினமாக அடித்து 10இல் 2 வெளியே போனாலும், மீதி 8இல் 3ஐ வென்றால் கணக்கு சமன், நான்காவது லாபம். தாக்குதலுக்குப் பந்தை எழுப்பித்தரும் செட்டரை வலையிலிருந்து 3 மீட்டர் ஓடவைத்தாலே நடுவிலிருந்து அடிக்கும் வேகத் தாக்குதல் பெரும்பாலும் செத்துவிடும். பிளாக்கர்கள் பந்து போகும் பக்கம் முன்கூட்டியே நகர்வார்கள். ஆகவே ஏஸ், அதாவது நேரடியாகப் புள்ளி தரும் சர்வீஸ், எண்ணிக்கையை மட்டும் வைத்து சர்வீஸை மதிப்பிடுவது, என் பார்வையில், சோம்பேறித்தனம்.

வேகமே எல்லாம் என்றால் சுழலாமல் மிதந்து வரும் ஃப்ளோட் சர்வீஸ் ஏன் இன்னும் பிழைத்திருக்கிறது என்று கேட்கலாம். சுழற்சி மேலிருந்து பந்தை அழுத்துவதால்தான் ஜம்ப் சர்வீஸ் அவ்வளவு வேகத்திலும் கோட்டுக்குள் விழுகிறது. ஆனால் அதே சுழற்சியால் அதன் பாதையை ஊகித்துவிடலாம். சுழலாத பந்து காற்றில் அலைந்து, கடைசி நொடியில் கையை ஏமாற்றும். கூட்டேரிப்பட்டு, மயிலம் போன்ற ஊர்களின் திறந்தவெளி மண் களங்களில் காற்றே பாதி வேலையைச் செய்துவிடும். உள்ளரங்கில் அந்த உதவி இல்லை. மணிக்கட்டை விறைப்பாக வைத்து, பந்தின் நடுவில் நறுக்கென்று தட்டி, இரண்டு ரிசீவர்களுக்கு நடுவிலோ, தாக்கப் போகிற வீரரின் காலடியிலோ இறக்க வேண்டும். குறி தவறிய ஃப்ளோட் லிபரோவுக்குப் பரிசு.

விதி துணிச்சலின் விலையை மாற்றும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்றுண்டு. 2019இல் சென்னை ஸ்பார்ட்டன்ஸ் வென்ற புரோ வாலிபால் லீக்கில் ஏஸுக்கு இரண்டு புள்ளி. செட்டோ 15 புள்ளிதான். அங்கே முரட்டு சர்வீஸுக்குக் கிடைத்த ஊக்கம் சர்வதேச விதியில் கிடைக்காது. அந்த லீக்கில் லாபமாக இருந்த அதே பிழை விகிதம் ஆசியப் போட்டியில் நட்டமாகியிருக்கலாம். இரண்டுக்கும் ஒரே வீரரைத் தயார் செய்த பயிற்சியாளர் இரண்டு கணக்குகளை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.